மூன்றாம் சுற்று

விடுதி
நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மா நலமா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாளா, இல்லை பழையபடி "நாளைக்கு விட்டுக்கலாம்டி"தானா? இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்டவேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை. உன் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கிற குரலில் படிக்கக் கூடாது. நான் பேசுகிற மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு படி.

வந்த அன்றே எங்கள் போன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். டாக்டர் படிப்புக்கு ஏப்ரலில் ஒரு நுழைவுத் தேர்வு, மே மாதம் இன்னொன்று; எதில் ஜெயித்தாலும் இடம் உண்டு. இரண்டும் முடிந்தபிறகுதான் டப்பாவைத் திறப்பார்களாம். அதுவரைக்கும் கடிதம்தான். அதையும் வார்டன் மேடம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். (மேடம், வணக்கம். சாப்பாடு பிரமாதம். மெத்தை பஞ்சு மாதிரி இருக்கிறது.) அறையில் நாலு இரும்புக் கட்டில். என் கட்டில் பக்கத்துச் சுவரில் போன வருடத்துக்காரிகள் பென்சிலால் சூத்திரங்களாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நடுவில் ஒருத்தி "வீட்டுக்குப் போகணும்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "எனக்கும்தான்" என்று இருக்கிறது.

இங்கே ஒரு சார் இருக்கிறார். பாடம் நடத்தமாட்டார். பரீட்சை எழுதுவது எப்படி என்பதுதான் அவருடைய பாடம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால் கடிகார சார் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் கணக்குப்படி வினாத்தாளை மூன்று சுற்று போகவேண்டும். முதல் சுற்றில் பார்த்தவுடன் தெரிவதை மட்டும் எழுது. இரண்டாம் சுற்றில் யோசித்தால் வருகிறதை எழுது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மூன்றாம் சுற்றில் திரும்பி வா. "தெரியாத கேள்விகிட்ட நின்னு மல்லுக்கு நிக்காதம்மா. விட்டுட்டுப் போ. அது எங்க ஓடிடப்போகுது, அங்கயேதான் இருக்கும்" என்கிறார்.

இன்னொன்று. தப்பான விடை எழுதினால் மார்க் கழியும். காலியாக விட்டால் கழியாது. அதாவது வாயை மூடிக்கொண்டிருந்தால் இங்கே நஷ்டமில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு முத்தம். உனக்கு ஒரு குட்டு.

உன்
வாலு

•

வீடு
நவம்பர் 23

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம். நீ இல்லாததால் வீடு அமைதியாக இருக்கிறது, அது எங்கள் உடம்புக்கு நல்லதுதான். நீ எப்படி இருக்கிறாய்? மெத்தை பஞ்சு மாதிரி என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைக் கேட்டு அம்மா "அய்யோ, முதுகு வலிக்குமே அவளுக்கு" என்றாள். உன் பொய் அவளிடம் அரை நிமிடம்கூட நிற்காது.

கடிதம் வந்தவுடன் அம்மா கேட்டது ஒன்றுதான். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?" கால் வீக்கம், சொட்டு மருந்து என்று நீ எழுதிய இடத்தைப் படித்தேன். "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். அதற்கப்புறம் உன் மூன்று சுற்றையும் ஸ்டாப்வாட்சையும் நான் தொண்டை வறளப் படித்தது அவள் காதில் ஏறியதா தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி, பால்காரர், குழாயடியில் வருகிற போகிறவர்கள் எல்லோரிடமும் "என் சின்னவ கால் வீக்கத்த மறக்காம கேட்டிருக்கா, டாக்டராகப் போறவ இல்லையா" என்று சொல்லியாகிவிட்டது.

வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். ரத்தம் எடுக்கவேண்டும் என்கிறார்கள். அம்மா தன் சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தைக் கழற்றமாட்டேன் என்று அங்கே சண்டை போடாமல் இருந்தால் சரி. குளிக்கும்போதே கழற்றாதவள்.

கம்பெனியில் என்னைச் சட்டைக் கை தைக்கிற வரிசையிலிருந்து காலர் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். காலர் முனை ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் சட்டை திரும்பி வந்துவிடுகிறது. நாள் முழுக்க மற்றவர்கள் கழுத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சூப்பர்வைசர் கழுத்தையும்.

நன்றாகச் சாப்பிடு. அம்மா சொல்லச் சொன்னது: "மார்க் வந்தா வருது, இளைச்சுப் போயிடாத."

உன்
அக்கா

•

விடுதி
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், கொஞ்சம் இளைத்துவிட்டேன், அம்மாவிடம் இந்த இரண்டாவதைப் படிக்காதே. அம்மா எப்படி இருக்கிறாள்? ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது? காலுக்கு என்ன சொன்னார்கள்? இந்த இடத்தை நீ இரண்டு தரம் படிக்கப்போகிறாய் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்: அம்மா, கால் தொங்கப்போட்டு உட்காராதே. அம்மா, மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்து மறக்காதே. அம்மா, நான் உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த வாரம் கடிகார சார் வெட்டுகிற முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கேள்விக்கு நாலு விடை இருக்கும். "சரியானதத் தேடாத. தப்பானத ஒவ்வொண்ணா வெட்டு. கடைசியா எது நிக்குதோ அதுதான் விடை. அது உனக்குப் பிடிக்கலன்னாலும் அதுதான் விடை." ஒன்றுமே தெரியாத பாடத்தில்கூட இப்படிப் பாதிக்கு மேல் சரியாக வருகிறது. எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டில்காரி இதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறாள். மெஸ்ஸில் மூடி போட்ட பாத்திரத்தைப் பார்த்து, "நேத்து வச்சது இல்ல, வாசனையும் இல்ல, அப்ப இது வெறும் தண்ணிதான்" என்றாள். தண்ணீர்தான்.

மாதிரித் தேர்வில் முன்னால் வந்திருக்கிறேன். சார் என் தாளைத் தூக்கிக் காட்டி, "எங்கெங்க விட்டிருக்கான்னு பாருங்க. விடத் தெரிஞ்சவதான் ஜெயிப்பா" என்றார்.

ஜனவரி முதல் ஞாயிறு பார்க்க வரலாம். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, அம்மா வரவேண்டும். விளையாட்டுக்குச் சொல்கிறேன், இரண்டு பேரும் வாருங்கள்.

உன்
வாலு

•

வீடு
டிசம்பர் 28

மதிப்புக்குரிய வார்டன் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் விடுதியில் படிக்கிற என் தங்கையைப் பற்றி ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக் கூடாது.

எங்கள் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். வாரத்தில் மூன்று முறை கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னபோது மட்டும் அம்மா அழுதாள். இப்போது அதை நான் கட்டியிருக்கிறேன். எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்லவில்லை. வருடம் என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவே இல்லை.

அப்பா இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். தங்கைக்குச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "சொன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஓடி வந்துருவா. அப்புறம் அவள அங்க திருப்பி அனுப்ப முடியாது. பரீட்சை முடியட்டும்." எனக்கு ஒன்றுமே புரியவில்லை, மேடம். அவள் கடிதத்துக்குக் கடிதம் அம்மாவை விசாரிக்கிறாள். என்ன பதில் எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வருவேன். பஸ்ஸில் கூட்டம், அதனால் அம்மா வரவில்லை என்று சொல்லப்போகிறேன். தயவுசெய்து நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா

•

விடுதி அலுவலகம்
ஜனவரி 2

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் உடல்நிலை அறிந்து வருந்துகிறேன். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒரு வீட்டிலிருந்தாவது இப்படி ஒரு கடிதம் வரும். வேண்டாம், சொல்லிவிடுங்கள் என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுத நினைப்பேன். பெற்றவர்களே கேட்கும்போது நான் யார்?

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். "அம்மா நலம்" என்று பொய் எழுதாதீர்கள். இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தப்பு விடையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், ஒரே வரியில் பிடித்துவிடுவார்கள். அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுங்கள். வேறு எதையாவது எழுதுங்கள். படிப்பு மும்முரத்தில் கவனிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
வார்டன்

•

வீடு
ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கண்ணிலேயே நிற்கிறாய். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. முட்டை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடு.

இங்கே மழை. சமையலறை ஓரத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். அவள் மகன் வாங்கிய பைக் வாங்கிய நாளிலிருந்து ஓடவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் அவன் உடற்பயிற்சி செய்கிறான்போல. கம்பெனியில் கொஞ்சநாள் லீவு போட்டிருந்தேன், இப்போது மறுபடியும் காலர்தான். சூப்பர்வைசர் இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதில்லை. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்குக் கை அளவு தெரியவில்லை, தினமும் மீந்துபோகிறது. முன் அறையில் கட்டிலை எடுத்துவிட்டேன், நடக்க இடம் இருக்கிறது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. பரீட்சையை மட்டும் நினை.

உன்
அக்கா

•

விடுதி
ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நீ நலமா? நீ நன்றாகச் சாப்பிடு. மீந்துபோனால் மறுநாளைக்கு வைத்துச் சாப்பிடாதே, கொட்டிவிடு. ஓடாத பைக்கை நினைத்துச் சிரித்தேன்.

மாதிரித் தேர்வுகள் வாரத்துக்கு இரண்டாகிவிட்டன. வேதியியலில் எனக்கு இரண்டாம் சுற்று இழுக்கிறது, அதைக் குறைக்கவேண்டும் என்கிறார் சார். விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதற்குத் தனியாகப் பயிற்சி வைக்கிறார். ஒரு கேள்வியை விடும்போது அதன் வட்டத்தையும் விட்டுவிட்டு நகரவேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஒரு வரிசை தள்ளிப்போய்விடும். நேற்று ஜன்னலோரக் கட்டில்காரிக்கு அப்படி ஆகிவிட்டது. எல்லாம் சரியான விடை, எல்லாம் தப்பான இடம். அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஜெயிப்பேன், அக்கா. நீ கவலைப்படாதே. எனக்கு எதுவும் சொல்லவேண்டாம், எழுத நேரம் இல்லாவிட்டால் எழுதவும் வேண்டாம். நீ தூங்கு.

உன்
வாலு

•

வீடு
பிப்ரவரி 14

மதிப்புக்குரிய வார்டன் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நலமா? மறுபடியும் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே அம்மாவைப் பற்றி எழுதாமல் விட்டேன். ஆனால் இப்போது தங்கையும் கேட்பதை விட்டுவிட்டாள். ஜனவரிக் கடிதத்தில் அம்மா என்ற சொல்லே இல்லை. அதற்குப் பிறகு வந்த அட்டையிலும் இல்லை. வேதியியல் இருக்கிறது, வட்டம் இருக்கிறது. பெற்றவள் இல்லை. படிப்பு ஒரு பெண்ணை இப்படி மரமாக்குமா, மேடம்?

அம்மா வார்டில் படுத்துக்கொண்டு தபால் வந்ததா என்றுதான் கேட்கிறாள். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?" நான் என்ன செய்வேன்? நானாகச் சேர்த்துப் படித்தேன். அம்மா, கால் எப்படி இருக்கு, மாத்திரை சாப்பிட்டியா என்று அவள் எழுதியிருப்பதாக, அவள் குரலிலேயே படித்தேன். அம்மா கையை நீட்டினாள். "கடுதாசிய இப்படிக் குடு. எந்த வரியில இருக்கு, காட்டு." அவளுக்கு எழுத்து தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. அவள் விரலைப் பிடித்து வேதியியல் என்று எழுதியிருந்த வரிமேல் வைத்தேன். அவள் அந்த வரியைத் தடவினாள். "நல்லாத்தான் படிக்கிறடி நீ. அவ எழுதலன்னா போகட்டும். பரீட்சை முடிஞ்சதும் கேப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். காரணம் எதுவும் சொல்லாமல், அம்மாவை விசாரித்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி. நான் அதைக் காட்டிப் படிக்கவேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

•

விடுதி
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் பரீட்சை நேற்று முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன். மூன்று சுற்றும் போனேன், ஒரு வட்டம்கூடத் தள்ளிப்போகவில்லை. நீ நலமா? உண்மையாகக் கேட்கிறேன், நீ தனியாக எப்படி இருக்கிறாய்?

"மே பரீட்சை முடிந்ததும் நேரில் வருகிறேன், பேசவேண்டும்" என்று அட்டையில் எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று நீ பஸ்ஸில் ஒத்திகை பார்க்கவேண்டாம். எனக்குத் தெரியும், அக்கா. ஜனவரியிலேயே தெரியும். அம்மா இல்லை.

நீ வந்த ஞாயிற்றுக்கிழமை உன் கையைப் பார்த்தேன். குளிக்கும்போதுகூடக் கழற்றாத அம்மாவின் கைக்கடிகாரம் உன் கையில் இருந்தது. பிறகு கடிதம் வந்தது. அதில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. உட்கார்ந்து வெட்டினேன். அம்மாவுக்கு என்மேல் கோபமா? அவள் கோபம் அரை நாள் தாங்காது. எங்காவது போயிருக்கிறாளா? போக நமக்கு யார் இருக்கிறார்கள்? உடம்பு சரியில்லையா? இதில்தான் ரொம்ப நேரம் நின்றேன். இதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஆனால் ஒரு ஆளுக்குச் சமைக்கிறேன், மீந்துபோகிறது என்று எழுதியிருந்தாயே. உடம்பு சரியில்லாத அம்மாவுக்குச் சமைக்காமலா இருப்பாய்? அவள் கட்டிலையும் எடுத்துவிட்டாயே. கடைசியாக ஒன்றுதான் நின்றது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று மேடம் திட்டினார்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று புரிந்தது. பரீட்சை முடியும்வரை சொல்லாதே என்று போகுமுன் அம்மாதான் உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அம்மாவை விசாரித்து எழுதினால் நீ ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்யை எழுதவேண்டும், அல்லது ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தாண்டிப் போகவேண்டும். பாவம், எத்தனை தடவைதான் செய்வாய்? அதனால் கேட்பதை விட்டேன். பிப்ரவரியில் மேடம் கூப்பிட்டு, "வீட்டுக்கு எழுதும்போது அம்மாவ விசாரிச்சு ஒரு வரி எழுதும்மா" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் உன்னோடு சேர்ந்துதான் நடிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இல்லாதவளை எப்படி விசாரிப்பது? என்னால் முடியவில்லை.

இனி நாம் இருவரும் நடிக்கவேண்டாம். ஜனவரியில் எந்தத் தேதி என்று மட்டும் எழுது. அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்க்கவேண்டும்.

உன்
வாலு

•

வீடு
ஏப்ரல் 27

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான். எப்படி எழுதினாலும் இது உன்னைக் குத்தப்போகிறது. எழுதாமல் விடவும் முடியாது. விட்டுவிட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

ஜனவரி இல்லை. மார்ச் ஒன்பது.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய்விட்டது. டிசம்பரிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். சாப்பாடு அங்கேயே கொடுத்தார்கள், அதனால்தான் வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைத்தேன். கட்டிலை முன் அறையிலிருந்து உள்ளே நகர்த்தினேன், வீட்டுக்குக் கூட்டி வந்தால் காற்றோட்டமாக ஜன்னல் பக்கம் இருக்கட்டும் என்று. கையில் ஊசி ஏற்றவேண்டும் என்று கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். நீ மூன்றாவதாக வெட்டினாயே, அதுதான் விடை.

நானும் உன்னைத் தப்பாக நினைத்தேன். படிப்பு வந்ததும் பெற்றவளை மறந்துவிட்டாள் என்று மனதுக்குள் உன்னை என்னென்னவோ திட்டினேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ செய்ததை, நான் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டேன். நாம் இருவரும் ஒரு வரி, ஒரே ஒரு வரி ஒழுங்காக எழுதியிருந்தால் போதும்.

சாப்பிடு. மே பரீட்சையை எழுது. எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, போய் உட்கார்ந்துவிட்டு வா. இனி நீ எதைக் கேட்டாலும் சொல்கிறேன்.

உன்
அக்கா

•

விடுதி
மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா?

இரண்டாவது பரீட்சைக்குப் போனேன். முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். வாயால் கேட்க என்னால் ஆகாது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் இதற்குப் பதில் எழுது.

ஜனவரி, பிப்ரவரி முழுக்க அவள் இருந்திருக்கிறாள். கடிதத்தில் அவளைக் கேட்டிருக்கிற இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்வாள் என்று நீயே எழுதியிருந்தாய். அதை நான் மறக்கவில்லை, அக்கா. கேட்பதற்கு அவள் இல்லை என்று நினைத்துவிட்டேன். விட்ட கேள்வி எங்கேயும் ஓடாது என்றார் சார். இப்போது மணி அடித்துத் தாளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

1. கால் வீக்கம் கடைசியிலாவது வற்றியதா?

2. ஊசி ஏற்றும்போது அம்மாவுக்கு வலித்ததா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

3. ஆசைப்பட்டு எதையாவது கேட்டாளா? கொடுத்தாயா?

4. கடைசி நாள் பேசினாளா? என்ன பேசினாள்?

5. என் ஜனவரிக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா?

6. சின்னவள் தன்னைக் கேட்கவே இல்லையே என்று அம்மா நினைத்தாளா?

ஆறாவதைக் காலியாக விடாதே, அக்கா. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது எழுது.

உன்
வாலு

•

வீடு
மே 19

என் தங்கத்துக்கு,

நான் நலம். நீ வருமுன் இது உன் கைக்கு வந்துவிடவேண்டும். நேரில் கேட்டால் என் முகத்தைப் பார்த்தே வெட்டிவிடுவாய்.

முதல் பரீட்சை முடிவு நேற்று வந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டரில் சூப்பர்வைசரே பார்த்துச் சொன்னார். உனக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் குழாயடிக்கே சொல்லி முடித்திருப்பாள். எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. காலர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ கேட்டவை:

1. வற்றவில்லை. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால் கொஞ்சம் தேவலை என்பாள்.

2. வலித்தது. நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், முடியாத நாளில் எதிர்வீட்டுக்காரி இருந்தாள். நர்ஸிடம் அம்மா, "என் சின்னவ படிச்சிட்டு வரட்டும், வலிக்காம குத்துறது எப்படின்னு உங்களுக்கெல்லாம் கத்துக்குடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

3. தண்ணீர் கேட்டாள். அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஐஸ் கட்டி கேட்டாள். நர்ஸுக்குத் தெரியாமல் ஒரு துண்டு கொடுத்தேன். கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

4. காலையில் பேசினாள். "கடிகாரத்துக்குச் சாவி குடுத்தியா?" என்றாள். கொடுத்துவிட்டேன் என்றேன். அப்புறம் பேசவில்லை. கடிகாரம் இப்போதும் ஓடுகிறது, நீ வந்து கட்டிக்கொள்.

5. படித்தேன்.

6. நினைக்கவில்லை. நீ எழுதாததை நான் சேர்த்துப் படித்தேன், உன் குரலிலேயே. அம்மா நம்பிவிட்டாள். அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

உன்
அக்கா